விடுவதற்காகப் பிடிப்பது

மார்ச் பிறந்துவிட்டால் வாஷிங்டன் மாநிலத்துத் தூண்டில்காரர்கள் எல்லோரும் நீர்நிலவரம் படிக்கிறவர்களாக மாறிவிடுவார்கள். டெல்டாக்காரர்கள் ஜூன் மாதத்தில் மேட்டூர் அணையின் நீர்வரத்தைப் பார்ப்பது மாதிரி. ஆற்றில் வினாடிக்கு எத்தனை கனஅடி ஓடுகிறது, தண்ணீர் எத்தனை டிகிரி, கலங்கலா தெளிவா, என்ன பூச்சி வெளிவருகிறது. இந்த நான்கும் தெரிந்தால் போதும், சனிக்கிழமை காலையில் கிளம்புவதா, வீட்டிலேயே இருப்பதா என்று முடிவு செய்துவிடலாம்.

நான் பார்ப்பது யாகிமா ஆற்றின் நிலவரம். சியாட்டிலிலிருந்து கிழக்கே ஸ்னோக்வால்மி கணவாயைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஓட்டினால் எல்லன்ஸ்பர்க். ஊரை ஒட்டி ஆறு. கேஸ்கேட் மலைகளில் கீச்சலஸ் ஏரியில் கிளம்பி, 344 கிலோமீட்டர் ஓடி, ரிச்லேண்ட் அருகே கொலம்பியா ஆற்றில் சேர்கிறது. ஈஸ்டனுக்கும் ரோசா அணைக்கும் இடைப்பட்ட மேல்பகுதியில் வருடம் முழுவதும் தூண்டில் போடலாம். ஆனால் பிடித்த ட்ரவுட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கேயே விட்டுவிட வேண்டும். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீளும் சின்னக் கொக்கியும் இருக்கக் கூடாது.

அலுவலக நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மதுரைக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விடுறதுக்கு எதுக்குய்யா புடிக்கிறீக? கொழம்பு வைக்கப் புடிச்சாலும் ஒரு ஞாயம் இருக்கு" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் இந்த விளையாட்டின் மீது வைக்கப்படும் கேள்விகளில் இதைவிடக் கறாரான ஒன்றை நான் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல நினைத்த பதில்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளை ஃபிஷிங்கில் மண்புழு கிடையாது, மாவு உருண்டையும் கிடையாது. சின்ன முள்ளில் இறகும் ரோமமும் நூலும் சுற்றி ஒரு பூச்சியைச் செய்கிறோம். அதற்கு எடையே இல்லை என்பதால், தடித்த தூண்டில் கயிற்றை முன்னும் பின்னும் வீசி, அந்தக் கயிற்றின் எடையால் பூச்சியைத் தண்ணீரில் இறக்க வேண்டும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை யாகிமாவில் ஸ்க்வாலா என்ற பூச்சிதான் நாயகன். ஆலிவ் நிறம், ஓர் அங்குல நீளம். தண்ணீர் 6, 7 டிகிரி செல்சியஸைத் தொடும்போது இதன் இளம்பூச்சிகள் கற்களுக்கிடையே ஊர்ந்து கரையேறித் தோலுரிக்கின்றன. பிறகு, வெயில் ஏறிய பிற்பகல்களில் பெண்பூச்சிகள் முட்டையிடத் தண்ணீருக்குத் திரும்புகின்றன. குளிர்காலம் முழுக்கச் சிறு பூச்சிகளைத் தின்று கிடந்த ட்ரவுட்டுக்கு இது வருடத்தின் முதல் பெரிய சாப்பாடு. கரையோரமாக நிதானமாக மேலே வந்து, வாய் திறந்து, மூடும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை பேர் விறைக்கும் தண்ணீரில் இடுப்பளவுக்கு நிற்கிறோம்.

பிடித்து விடும் பழக்கத்துக்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. நல்ல மீன் ஒரே ஒருவர் கையில் ஒரே ஒருமுறை சிக்கி முடிந்துபோவது வீண் என்ற கருத்தை லீ வுல்ஃப் 1939-இல் எழுதினார். ஆறுகளில் மீன் அருகிக்கொண்டிருந்தபோது அந்த வாதம் மெல்ல மெல்லச் சட்டமானது. பலன் கண்கூடு, விட்டதால்தான் பல ஆறுகளில் இன்றைக்கு மீன் இருக்கிறது. ஆனால் கவனித்துப் பார்த்தால், அந்த வாதத்தில் மீனின் வலி எங்கேயும் வரவில்லை. அது அடுத்த தூண்டில்காரருக்கான கரிசனம்.

ஐரோப்பாவில் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். தகுந்த காரணம் இல்லாமல் எந்த விலங்குக்கும் வலியோ துன்பமோ கொடுக்கக் கூடாது என்கிறது ஜெர்மனியின் 1972-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம். சாப்பிடுவது தகுந்த காரணம். விளையாட்டு அப்படியில்லை. ஆகவே விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பது அங்கே பொதுவாகக் குற்றமாகக் கருதப்படுகிறது. சுவிட்சர்லாந்திலும் 2009 முதல் அதற்குத் தடை. அலாஸ்காவின் யுபிக் மக்கள் இதையே வேறு மாதிரி சொல்கிறார்கள். மீன் தன்னைக் கொடுக்கிறது, அதை மரியாதையோடு வாங்கிக்கொள்ள வேண்டும், பிடித்து விடுவது சாப்பாட்டோடு விளையாடுவது, அவமதிக்கப்பட்ட மீன் அந்த ஆற்றுக்குத் திரும்பாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆக, யாகிமாவில் சட்டம் என் மேல் சுமத்தும் கடமை பெர்லினில் குற்றம், யுபிக் கிராமத்தில் மரியாதைக் கேடு. மதுரைக்கார நண்பர் தெரிந்தோ தெரியாமலோ ஜெர்மனிக்காரர் பக்கம் இருக்கிறார்.

மீனுக்கு வலிக்குமா என்பது தீராத சண்டை. 2003-இல் லின் ஸ்னெடனும் அவரது சகாக்களும் ரெயின்போ ட்ரவுட்டின் தலையில் 58 உணர்வேற்பிகளை ஆராய்ந்து, அவற்றில் 22 வலித்தூண்டலுக்கானவை என்று காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் அடித்தளச் சரளையில் உதட்டைத் தேய்த்தன. ஏறத்தாழ மூன்று மணி நேரம் இரையைத் தொடவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பு ஜேம்ஸ் ரோஸ் இதற்கு நேரெதிராக எழுதியிருந்தார். மனிதன் வலியை வலியாக உணர்வதற்கு வேண்டிய பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லை, அங்கே நடப்பது வெறும் அனிச்சைச் செயல் என்பது அவர் தரப்பு. இரண்டு பக்கமும் இன்றுவரை ஓயவில்லை. எனக்கு உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான்: தூண்டிலில் மாட்டிய மீன் தன்னிடம் இருக்கிற எல்லாவற்றையும் செலவழித்து அங்கிருந்து போகப் பார்க்கிறது. அதற்கு 'வலி' என்ற பெயர் பொருந்துமா என்று தீர்ப்பாகும் வரை சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது? பிழைத்தால் இழப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு, அதற்கு வாயும் உடம்பும். எனக்கே கொடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

என் தொழிலில் 'ரோல்பேக்' என்று ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் பாதியில் ஏதாவது கோளாறானால், செய்ததை எல்லாம் திரும்பப் பெற்று, ஒன்றுமே நடக்காத நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். பிடித்து விடுகிறவர்கள் மனதில் இருப்பது இந்தப் படம்தான். மீன் இருந்தது, பிடித்தேன், விட்டேன், மீன் இருக்கிறது. கணக்கு நேர். ஆனால் உடம்பில் ரோல்பேக் கிடையாது. போராடிய மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் ஏறிவிடுகிறது, ரத்தத்தின் அமிலத்தன்மை மாறுகிறது, அது தெளிய மணிக்கணக்கில் ஆகும். ஃபெர்குசனும் டஃப்ட்ஸும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், களைக்கும் வரை விரட்டப்பட்ட ரெயின்போ ட்ரவுட்களில் 12 மணி நேரத்துக்குள் இறந்தவை 12 சதவீதம். விரட்டிய பிறகு 30 விநாடி காற்றில் வைத்தால் 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்தால் 72. அவை ரத்தம் எடுக்கக் குழாய் பொருத்திய ஆய்வக மீன்கள். ஆற்றில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் திசை தெளிவு. மீனைக் கையில் ஏந்தி நாம் சிரித்து எடுத்துக்கொள்ளும் படத்துக்கு விலை உண்டு, அதை நாம் கொடுப்பதில்லை.

இங்கேதான் வசந்தத்தின் தொடக்கம் ஒரு விசித்திரமான பருவமாகிறது. ஒரு பக்கம், பிடித்து விடுவதற்கு இதைவிடக் கருணையான காலம் இல்லை. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம், மீன் சீக்கிரம் தேறும். கோடையில் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் பொறுப்பான தூண்டில்காரர்கள் கயிற்றைச் சுருட்டிவிடுவார்கள்; மார்ச்சில் அந்தக் கவலையே இல்லை. மறுபக்கம், ரெயின்போ ட்ரவுட் முட்டையிடுவது இதே வசந்தத்தில்தான். பெண்மீன் வாலால் சரளையை அடித்துப் பள்ளம் பறித்து முட்டையிட்டு மூடுகிறது. பாசி படிந்த ஆற்றுப்படுகையில் அந்த இடம் மட்டும் கழுவிவிட்டது போல வெளுத்துத் தெரியும். தெரியாதவன் கண்ணுக்கு அது கால் வைக்கத் தோதான, வழுக்காத இடம். ராபர்ட்ஸும் வைட்டும் 1992-இல் செய்த சோதனையில், முட்டை பொரிவதற்குச் சற்று முன் அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒருமுறை நடந்ததே அதிகபட்சம் 43 சதவீத முட்டைகளைக் கொன்றது. தினம் இரண்டு முறை நடந்தபோது முட்டைகளிலும் குஞ்சுகளிலும் 96 சதவீதம் வரை அழிந்தன. யாகிமாவில் கடலுக்குப் போய்த் திரும்பும் ஸ்டீல்ஹெட்டும் இதே இனம்தான், அதே வசந்தத்தில் முட்டையிடுகிறது. அந்தப் பகுதி ஸ்டீல்ஹெட் 1999 முதல் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. ஒரு மீனை அலுங்காமல் தண்ணீருக்குள்ளேயே விடுவித்துவிட்டு, திருப்தியோடு திரும்பி நடக்கிறவன் காலடியில் நூறு மீன்கள் செத்துப்போகலாம்.

ஆக, அந்த நீர்நிலவரத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். தண்ணீர் எத்தனை டிகிரி என்பது மீன் கடிக்குமா என்பதற்கு மட்டும் பதில் அல்ல, விட்டால் தேறுமா என்பதற்கும் அதுவே பதில். பனி உருகி நீர்வரத்து ஏறிக் கலங்கிவிட்டது என்றால், மீன் பூச்சியைப் பார்க்காது என்று மட்டும் அர்த்தமில்லை. நான் கால் வைக்கும் இடம் எனக்குத் தெரியாது என்றும் அர்த்தம். எண் ஒன்றுதான், எதைத் தெரிந்துகொள்ள அதைப் பார்க்கிறோம் என்பதில்தான் ஆள் வேறுபடுகிறான்.

ஏரிகளுக்குப் போனால் கேள்வி கொஞ்சம் லேசாகிறது. குளிர்ப்பகுதி ஏரிகளில் பனிக்கட்டி உருகி, மேல்நீர் 4 டிகிரிக்கு வந்ததும் அது கனத்துக் கீழிறங்கும். காற்று மொத்தத் தண்ணீரையும் புரட்டிப்போடும். அடியாழம் வரை ஆக்சிஜன் பரவும். மீன்கள் கரையோர ஆழமற்ற இடங்களுக்கு இரை தேடி வரும். வாஷிங்டனின் தாழ்நில ஏரிகள் பலவற்றில் ஏப்ரல் நான்காம் சனிக்கிழமை பருவம் தொடங்குகிறது. அங்கே இருப்பவை பெரும்பாலும் பண்ணையில் வளர்த்து விட்ட ட்ரவுட்கள். பொதுவாக நாளொன்றுக்கு ஐந்து வரை எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் தடவி இரும்புச் சட்டியில் வறுத்தால் அருமையாக இருக்கும். நண்பர் கேட்ட நியாயம் அங்கே இருக்கிறது. ஐந்தோடு கை நின்றும்விடுகிறது. விடுகிறவனுக்கோ எண்ணிக்கையே கிடையாது. நல்ல ஸ்க்வாலா நாளில் ஒருவரே இருபது மீன் பிடிக்க முடியும். ஒரு உயிர்கூடப் போகவில்லை என்ற நினைப்பு இருபதாவது மீன் வரை அவரைத் தடுப்பதில்லை.

இந்த நினைப்பைப் பற்றித் தமிழில் யோசித்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. திருக்குறளில் 'கொல்லாமை' ஓர் அதிகாரம். அதற்கு நேர் முந்தைய அதிகாரம் 'இன்னாசெய்யாமை'. தின்பதைப் பற்றிய 'புலால் மறுத்தல்' இன்னும் முன்னால், தனியாக இருக்கிறது. தின்னாதிருப்பது, துன்புறுத்தாதிருப்பது, கொல்லாதிருப்பது என்ற மூன்றும் வள்ளுவருக்கு மூன்று தனித்தனிக் கடமைகள். ஒன்றைக் காட்டி இன்னொன்றில் விலக்கு வாங்க முடியாது. பிடித்து விடுகிறவன் தின்னவில்லை, பெரும்பாலும் கொல்லவும் இல்லை. நடுவில் இருக்கிற ஒன்றைத்தான் அவன் கடந்து போய்விடுகிறான், அதுவும் மற்ற இரண்டையும் காட்டி.

இதற்குச் சொல்லப்படும் வலுவான பதில் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1950-இல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டப்படி தூண்டில் சாமான்கள் மீதான வரி மீன்வளப் பாதுகாப்புக்குப் போகிறது. உரிமக் கட்டணமும் அப்படியே. அணைக்கும் பாசனத்துக்கும் நடுவே யாகிமாவில் மீனுக்கும் தண்ணீர் வேண்டும் என்று பேசுகிறவர்களில் தூண்டில்காரர்கள் நிறையப் பேர். ஆற்றில் நிற்காதவனுக்கு ஸ்க்வாலா என்று ஒரு பூச்சி இருப்பதே தெரியாது. எல்லாம் உண்மை. ஆனால் இவை ஆற்றுக்கும் இனத்துக்கும் கிடைக்கும் நன்மைகள். முள் குத்துவது ஒரு தனி மீனின் உதட்டில். அந்த ஏற்பாட்டுக்கு அதனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சிலர் முள்ளின் வளைவை இடுக்கியால் வெட்டிவிட்டுத் தூண்டில் போடுகிறார்கள். நானும் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். பூச்சியைக் கட்டும் வேலை அதேதான். மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும், வீசுவதும், மிதக்க விடுவதும் அதேதான். மீன் மேலே வரும், வாயில் வாங்கும், ஒரு கணம் கயிறு இறுகும், துப்பிவிட்டுப் போய்விடும். நான் ஜெயித்துவிட்டேன், அதை ஏமாற்றிவிட்டேன். திறமைக்கான பரிசு முழுசாகக் கிடைத்துவிட்டது. ஆனாலும் கைக்கு ஏதோ குறைகிறது. கம்பு வளைய வேண்டும், அது இழுக்க வேண்டும், கடைசியில் ஈரமும் கனமுமாக உள்ளங்கையில் வர வேண்டும். அந்தக் குறைதான் இத்தனை நாளும் மீனிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டது. மற்றதெல்லாம் அது ஓசியில் கொடுத்தது.

என் ஏற்பாடு இப்போது இதுதான். மார்ச், ஏப்ரலில் வெளுத்த சரளைப் பக்கம் போவதில்லை. கூடியவரை கரையில் நின்றே வீசுவேன். கலங்கல் என்றால் வீட்டில் இருப்பேன். ஆற்றில் முள்ளோடு ஒரே ஒரு மீன், தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல். பிறகு இடுக்கியை எடுத்து முள்ளை வெட்டிவிடுவேன். மீன் தின்ன ஆசை வந்தால் ஏப்ரல் கடைசியில் ஏரி இருக்கிறது.

"அந்த ஒண்ணு மட்டும் எதுக்காம்?" என்று நண்பர் கேட்பார். அதற்குத் தகுந்த காரணம் என்று எடுத்து வைக்க என்னிடம் எதுவும் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பிடித்திருப்பது ஒரு காரணமல்ல என்பதை ஒப்புக்கொண்டு ஆற்றில் நிற்பதற்கும், நான் மீன்களுக்கு நல்லவன் என்று நினைத்துக்கொண்டு நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாமவனுக்கு அந்த ஒன்றையும் ஒருநாள் விட்டுவிடத் தோன்றலாம். இரண்டாமவன் எண்ணிக்கொண்டே போவான்.