மனப்பாடமும் மனனமும்

பகவத் கீதையில் ‘ஸ்மிருதி’ என்னும் சொல் வரும் இடங்களுள் இரண்டு சேர்த்துப் படிக்கத் தக்கவை. இரண்டாம் அத்தியாயத்தின் 63-ஆவது சுலோகத்தில், சினம் மதிமயக்கத்தைத் தரும், மதிமயக்கம் நினைவைச் சிதைக்கும், நினைவு சிதைந்தால் புத்தி அழியும் என்று பகவான் எச்சரிக்கிறார். பதினெட்டாம் அத்தியாயத்தின் 73-ஆவது சுலோகத்தில், தன் மயக்கம் நீங்கி நினைவு மீண்டதாக அர்ஜுனன் அறிவிக்கிறான். போர்க்களத்தில் அவன் மறந்திருந்தது ஏதோ ஒரு பாடத்தை அன்று. தான் யார், தன் கடமை யாது என்பதையே மறந்திருந்தான். கீதை பேசும் நினைவு, நெருக்கடி வேளையில் கைகொடுக்கும் நினைவு. பிள்ளைகளுக்கு வீட்டில் சுலோகங்களைக் கற்பிக்கும் பெற்றோர் முதலில் உள்ளத்தில் இருத்த வேண்டியது இதுவே.

ஆனால் பல இல்லங்களில் நடப்பது வேறு. பன்னிரண்டாம் அத்தியாயம் இருபதே சுலோகங்கள் கொண்டது. ஆதலால் பெற்றோர் பலர் அதையே முதலில் எடுத்துக்கொள்கின்றனர். ஒப்புவித்தல் போட்டிக்கு இன்னும் ஒரு வாரமே இருக்கிறது. குழந்தை பதின்மூன்றாம் சுலோகத்தில் தடுமாறுகிறது. மறுபடி சொல்லச் சொன்னால் அதே இடத்தில் மறுபடியும் தடுமாறுகிறது. தாயின் குரல் உயர்கிறது; தந்தை அடுத்த அறையிலிருந்து அதட்டுகிறார். அந்தச் சுலோகம் எதைச் சொல்கிறது? எவ்வுயிரையும் வெறாதவன், அனைவருக்கும் நண்பன், கருணை உடையவன், பொறுமையாளன் என்று பக்தனின் இலக்கணத்தைச் சொல்கிறது! குழந்தை அச்சுலோகத்தின் சொற்களை ஒருநாள் மறந்துவிடலாம். அவற்றோடு சேர்ந்து செவியில் விழுந்த கடுஞ்சொல்லை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. இரண்டாம் அத்தியாயம் எச்சரித்த சினம், கீதை வகுப்பிலேயே வந்து அமர்ந்துவிடுகிறது.

பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்வதால் என்ன பயன் என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானதே. இதற்கு விடை ‘மனனம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. தமிழ் வழக்கில் மனனம் என்றால் நெட்டுருச் செய்தல். வேதாந்தத்தில் மனனம் என்றால், கேட்டதை ஐயம் அகலுமளவும் ஆராய்ந்து சிந்தித்தல். சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்னும் வரிசையில் அது நடுப்படி. தமிழின் மனனம் வேதாந்தத்தின் மனனத்திற்கு வித்து என்று கொள்வதே பொருத்தம். நாவும் செவியும் இளகியிருக்கும் ஏழு எட்டு வயதில் சொல் உள்ளே இறங்குகிறது. சிந்திக்கும் பருவம் பின்னால் வருகிறது. அப்போது சிந்திப்பதற்குள்ளே ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா? ஆயினும் பொருளை முற்றிலும் ஒத்திப்போடுவதும் சரியன்று. ஒரு சுலோகத்துக்கு ஒரு வாக்கியம், வீட்டில் பேசும் எளிய சொற்களில் சொன்னால் போதும். தாமே பொருள் அறியாத பெற்றோருக்கு, மகாகவி பாரதியார் கீதைக்கு எழுதிய தமிழ் உரைநடை மொழிபெயர்ப்பு நல்ல துணை.

கற்பிக்கும் முறையைப் பொறுத்தவரை, வேத பாடசாலைகளில் வழங்கும் ‘சந்தை’ முறையை மிஞ்சியது இல்லை. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவன் இருமுறை திருப்பிச் சொல்கிறான். ஏட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கற்கிறான். கீதையின் பெரும்பாலான சுலோகங்கள் அனுஷ்டுப் சந்தத்தில் அமைந்தவை. பாதத்துக்கு எட்டு எழுத்து, நான்கு பாதங்களில் முப்பத்திரண்டு. ஒரு பாதம் குழந்தையின் ஒரு மூச்சுக்கு எளிதில் அடங்கும். முதல் நாள் ஒரு பாதம், மறுநாள் இரண்டு என்று சென்றால் நான்கு நாளில் சுலோகம் முடியும். எஞ்சிய மூன்று நாள் திரும்பச் சொல்வதற்கு. வாரத்துக்கு ஒன்று என்றால் மிகக் குறைவு என்று தோன்றலாம். ஆனால் ஓராண்டில் பன்னிரண்டாம் அத்தியாயமும், அதேபோல் இருபது சுலோகங்கள் கொண்ட பதினைந்தாம் அத்தியாயமும் முடிந்து, பழையதைப் புதுப்பிக்கப் பன்னிரண்டு வாரங்கள் மிஞ்சும். எழுநூறு சுலோகங்களையும் இப்போதே முடித்தாக வேண்டும் என்ற அவசரம் யாருடையது என்பதைப் பெற்றோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது.

உச்சரிப்பில் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஓர் இடர் உண்டு. வடமொழியின் நான்கு வகைக் ககரங்களுக்கும் தமிழில் ஓர் எழுத்துத்தான். அதனால்தான் தமிழ்ப் பதிப்புகள் சில எழுத்தின் மேல் சிறு எண்களை இட்டு வேறுபாட்டைக் காட்டுகின்றன. மும்பையிலும் தில்லியிலும் வளரும் பிள்ளைகளோ பள்ளியில் நாகரி எழுத்தைக் கற்றவர்கள். தமிழ் ஏட்டைப் பார்த்துப் படிக்கும் பாட்டியைப் பேரன் திருத்துகிறான். திருத்தட்டும்! பாட்டி சிரித்துக்கொண்டே திருத்திக்கொண்டால், அன்றைய பாடம் இருவருக்கும் நடந்ததாகும்.

பெற்றோரும் உடன் கற்க வேண்டும் என்பதற்குக் காந்தியடிகளின் வரலாற்றில் ஒரு சான்று உள்ளது. தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக ஓயாமல் உழைத்த காலத்தில், காலையில் பல் துலக்கும் பதினைந்து நிமிடங்களை அவர் கீதைக்கு ஒதுக்கினார். சுலோகங்களை எழுதிய தாள்களை எதிர்ச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தார். முன்பே கற்றவற்றை நீராடும்போது நினைவுகூர்ந்தார். இவ்வாறு பதின்மூன்று அத்தியாயங்கள் அவருக்கு மனப்பாடமாயின. ‘அபரிக்கிரகம்’, ‘சமபாவம்’ என்னும் சொற்கள் அவரைப் பற்றிக்கொண்டு விடவில்லை. தம் ஆயுள் காப்பீட்டையே அவர் கைவிட்டார். நேரமில்லை என்னும் தந்தையர் அந்தப் பதினைந்து நிமிடங்களைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

இறைமொழியைப் பிள்ளைகளுக்குப் புகட்டும் இடம் வீடே என்பதில் சமயங்கள் வேறுபடவில்லை. விவிலியத்தின் உபாகமம் ஆறாம் அதிகாரம், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும் எழும்போதும் இறைவனின் கட்டளைகளைப் பிள்ளைகளோடு பேசுமாறு பெற்றோருக்குச் சொல்கிறது. வினோபா பாவேயின் அன்னை ருக்மிணி தேவி, வடமொழிக் கீதை தமக்கு விளங்காததால், மராத்தியில் அதை ஆக்கித்தருமாறு மகனைக் கேட்டார். அன்னை 1918-இல் மறைந்தார். 1930-31-இல் மகன் மராத்திச் செய்யுளில் கீதையை இயற்றி, ‘கீதாஈ’, அதாவது கீதை அன்னை, என்று பெயரிட்டார். அந்த வீட்டில் போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. ஒரு தாயின் ஏக்கம் இருந்தது.

பரிசுகள் தீயவை அல்ல. மேடை சில பிள்ளைகளின் கூச்சத்தைப் போக்கும். ஆனால் பரிசு கிடைத்த மறுநாளே பாராயணம் நின்றுபோகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை சுலோகம் சொல்வதை நிறுத்திவிடுவதும் உண்டு. பெற்றோர் பதறுகின்றனர்; இத்தனை ஆண்டு உழைப்பும் வீண் என்று புலம்புகின்றனர். அவ்வேளையில் வற்புறுத்தல் உதவாது. விளக்கேற்றும் நேரத்தில் தாயும் தந்தையும் வழக்கம்போல் தங்கள் சுலோகங்களைச் சொல்லிவரலாம். அறைக் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் அது கேட்கும். பெற்றோர் எங்கேனும் ஒரு பாதத்தைத் தவறவிட்டால், அது உள்ளிருந்து திருத்தவும் கூடும்.