எளிமை யாருக்கு அறம்?

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு நாம் இருபது பேர் மிதிவண்டியில் சென்றோம். ஆசிரியர் மூவர், மற்றவர் கல்லூரி இளைஞர். புகையைக் குறைப்போம், குளத்தைக் காப்போம், குறைவாக நுகர்ந்து நிறைவாக வாழ்வோம் என முழக்கங்களுக்குப் பஞ்சமில்லை! நண்பகல் வரை ஊர்க்குளத்தில் இறங்கி நெகிழிப் பைகளை அள்ளினோம். பிறகு புளியமரத்து நிழலில் கூட்டம். பேசும் பொறுப்பு நமக்கு. எளிமையின் ஏற்றத்தை எடுத்துரைத்தோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ இரண்டேகால் கிலோ கரிவளி வானில் கலக்கிறது என்று கணக்குக் காட்டினோம். மோட்டார் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு மிதிவண்டியில் வந்த தியாகத்தையும், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், சொல்லாமல் விடவில்லை.

கைதட்டினர். நம்மோடு குளத்தில் இறங்கிக் குப்பை அள்ளிய மூதாட்டி ஒருவர் மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்தபின் அருகே வந்தார்.

"நீங்க சைக்கிளுக்கு இறங்கி வந்திருக்கீங்க, வாத்தியாரே. நாங்க சைக்கிளுக்கு ஏறி வந்தவங்க. ரெண்டும் ஒண்ணா?"

பட்டம் பெற்ற நமக்கு நா எழவில்லை.

அவர் கணவர் வாலிபராயிருந்த காலத்தில், மேலத்தெரு வழியே போவதானால் சேரியில் பிறந்தவன் மிதிவண்டியிலிருந்து இறங்கி, அதை உருட்டிக்கொண்டே நடக்கவேண்டுமாம். ஏறிச் சென்றால் உதை. இரண்டு சக்கரங்களின்மேல் ஒரு மனிதன் உட்காருவதால் எந்தச் சாத்திரம் சரிந்துவிடும்? தமிழகத்து ஊர்கள் பலவற்றில் இருந்த கொடுமை இது. இன்று அடியோடு மாண்டுவிட்டது என்று மார்தட்டும் துணிவு நமக்கில்லை. ஆடவனுக்கே இந்த நிலை என்றால் அவன் மனைவி மிதிவண்டி ஏறுவதைக் கனவிலேனும் கண்டிருக்க முடியுமா?

ஆனால் ஏறினார்! 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்துக்கு வந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராயிருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தைக் கற்பிக்கப் புறப்பட்ட அவ்வியக்கம், மிதிவண்டியையும் பாடத்தில் சேர்த்தது. கற்ற பெண் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் கற்றது எதற்கு? சம்பளம் வாங்காத தொண்டர்கள், நம்மைப் போன்ற இளைஞர்கள், வண்டியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடிக் கற்றுக்கொடுத்தார்கள். வயலில் நாற்று நட்டவர்களும், கல் குவாரியில் கல் உடைத்தவர்களும், கிராமச் செவிலியரும் ஏறினார்கள். கேலி பேசியோர் உண்டு. பெண்ணின் ஒழுக்கத்தையே ஐயுற்ற உத்தமர்களும் உண்டு! பதினெட்டு மாதங்களில் ஒரு லட்சம் பெண்கள் மிதிவண்டி கற்றனர் என்று இதழாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளன்று, கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலித்து, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் வலம் வந்தனர்.

அந்த வரலாற்றில் நம் நெஞ்சைக் கவர்ந்தது இன்னொரு சிறு செய்தி. பெண்களுக்கான வண்டிகள் போதவில்லை. ஆடவர் வண்டியை வாங்கினர். பின்னர் சிலர் அதையே விரும்பிக் கேட்டனராம். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? ஆணுக்கென்று செய்த பொருளின் பயனைத் தாய் கண்டுபிடித்தாள்! வராத பேருந்துக்காகக் காத்துக் கிடந்த நேரம் மிஞ்சிற்று. அழைத்துப்போகத் தந்தையோ கணவனோ தமையனோ வரவேண்டும் என்ற நிலை தகர்ந்தது. தண்ணீர்க் குடமும், விற்கப்போகும் காய்கறியும், பிள்ளையும் ஒரே வண்டியில் சென்றன.

இப்போது கேள்விக்கு வருவோம். அந்த மூதாட்டியின் வண்டியும் நம் வண்டியும் உருவில் ஒன்று. அவருக்கு அது விடுதலை. நமக்கோ விரதம்! உள்ளவன் குறைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் எளிமை. இல்லாதவன் குறைவாகவே வாழ்ந்தால் அதற்குப் பெயர் வறுமை. முதல்வனுக்கு மாலை, மற்றவனுக்கு அறிவுரை. இந்த வாணிபத்தை நாம் முன்பே கண்டிருக்கிறோம். பொன் முலாம் பூசிய பல்லக்கில் வந்திறங்கி ஆசையை அறுக்கச் சொன்ன துறவிகளைக் கண்ட நாடு இது. போதுமென்ற மனத்தைப் பசித்தவனிடம் மட்டும் எதிர்பார்ப்பதா அறம்? காவியைக் களைந்து பச்சையை உடுத்திக்கொண்டு அதே துறவு மீண்டும் வருமானால், பகுத்தறிவாளர் அதை வரவேற்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

"அப்படியானால் மூதாட்டியின் பேரன் நாளை மோட்டார் சைக்கிளும், மறுநாள் காரும் வாங்கட்டும் என்கிறீரா? பூமி தாங்குமா?" என்று உடன் வந்த நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. தாங்காது. ஆனாலும் அந்தப் பேரனை நோக்கி, "நில்!" என்று சொல்லும் உரிமை, ஏற்கெனவே ஏறி அமர்ந்திருப்பவனுக்கு எங்கிருந்து வந்தது? மிகுதியாக எடுத்தவன் முதலில் குறைக்கட்டும். அதைத் தியாகம் என்று சொல்லாதிருக்கட்டும். கடனைத் திருப்பித் தருபவன் தன்னை வள்ளல் என்று விளம்பரம் செய்துகொள்வதில்லையே!

காரில் ஏறுவது உண்மையில் ஏற்றம்தானா என்பதும் ஆராயத்தக்கது. குருத்துவத்தைத் துறந்து வெளியேறிய ஈவான் இல்லிச் என்ற அறிஞர் 1970களில் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்கர் ஒருவர் காரில் செல்லும் நேரம், அதை வாங்கவும் காக்கவும் உழைக்கும் நேரம் எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு 1,600 மணி. அதில் அவர் கடக்கும் தொலைவு 7,500 மைல். மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு! மிதிவண்டி அதைவிட விரைவாகச் செல்லுமே. நடப்பவனுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டு அதே தொலைவைக் கடக்கும் கருவி, அறிவியலின் வெற்றி அல்லவா? அதை ஏழையின் அடையாளம் என்று இகழ்வது மடமை.

இகழத்தான் செய்கிறார்கள். மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்ற முதல் வாரம், "என்ன சார், கடன் தொல்லையா?" என்று உடன் பணிபுரிபவர் பரிவோடு கேட்டார். வண்டிகளிலும் வருணாசிரமம்! கார் தலையிற் பிறந்தது, மோட்டார் சைக்கிள் தொடையிற் பிறந்தது, மிதிவண்டி காலிற் பிறந்தது. நடப்பவன் பிறக்கவே இல்லை. அதனால்தான் அவனுக்குச் சாலையில் இடமில்லை போலும். மழைநாளில் நாமும் மோட்டார் வண்டியைத்தான் எடுக்கிறோம். ஒளிப்பதற்கில்லை.

நெதர்லாந்து நாட்டில் 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அம்மக்கள் எளிமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருக்கவில்லை. குழந்தைக் கொலையை நிறுத்து என்று தெருவுக்கு வந்தார்கள், சாலையை மறித்தார்கள், மிதிவண்டிக்குத் தனிப் பாதை கேட்டார்கள். கேட்டுப் பெற்றார்கள். குணத்தை உபதேசிப்பதற்கும் உரிமையைக் கேட்பதற்கும் உள்ள தொலைவு, நம் புளியமரத்துக்கும் அந்தத் தெருவுக்கும் உள்ள தொலைவு.

அடுத்த ஞாயிறும் அதே ஊருக்குச் சென்றோம். இம்முறை முழக்க அட்டைகள் இல்லை. காற்றடிக்கும் பம்பும், ஸ்பேனரும், பஞ்சர் ஒட்டும் பசையும் இருந்தன. மூதாட்டியின் பேத்திக்குப் பள்ளியில் அரசு தந்த மிதிவண்டி, சங்கிலி அறுந்து திண்ணையில் சாய்ந்து கிடந்தது. சரிசெய்தோம். ஏன் இத்தனை நாள் கிடந்தது என்று கேட்டபோதுதான் செய்தி வெளிவந்தது. ஊரிலிருந்து பள்ளிக்குச் செல்லும் இரண்டு கிலோமீட்டர்ச் சாலையில் ஒரு விளக்கும் இல்லை. மணல் லாரிகள் ஓரம் பார்த்து ஓடுவதில்லை. சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் திரும்ப அஞ்சி, பிள்ளைகள் மிதிவண்டியையே விட்டுவிட்டனர். நாம் எளிமையைப் போதித்த ஊரில், எளிமைக்குச் சாலையில் பாதுகாப்பில்லை!

அங்கேயே உட்கார்ந்து ஊராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுதினோம். விளக்கு வேண்டும், வேகத்தடை வேண்டும், சாலையோரத்தில் மிதிவண்டிக்கு இடம் வேண்டும். மூதாட்டியிடம் கையெழுத்துக் கேட்டு நீட்டினோம். அவர் உடனே போட்டுவிடவில்லை. அறிவொளியில் கற்ற எழுத்துகளைக் கூட்டி, விரலால் தொட்டுத் தொட்டு, முழுவதும் படித்தார். 'தாங்கள் கருணை கூர்ந்து' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது எதுக்கு?" என்றார்.

அடித்துவிட்டுக் கொடுத்தோம். கையெழுத்திட்டார்.