அடைத்த கதவும் அழையா விருந்தும்

அழையா விருந்தாளி என்னும் சொல்லைத் தமிழர் பாராட்டாக வழங்குவதில்லை. அழைப்பின்றி ஒரு வாயிலை மிதிப்பது தன்மானத்திற்கு இழுக்கு என்பதே வழிவழி வந்த கருத்து. ஆயினும், அழைப்பு என்பதே ஒரு சிலரின் தனியுரிமையாகிவிட்ட இடத்தில், அழைக்கப்படாதவன் நுழைவது குற்றமா, அவனை அழைக்காதிருப்பது குற்றமா என்னும் வினா எழத்தான் செய்கிறது. இவ்வினாவை ஆராய்வதற்குப் பாரிஸ் நகரின் ஆடை அலங்கார அணிவகுப்பு ஏற்றதோர் களம்.

ஓர் அணிவகுப்பு பெரும்பாலும் கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சிறுபொழுதைக் காண, மண்டபத்தின் வெளியே பல மணி நேரம் நிற்போர் உண்டு. உள்ளே இருக்கைகளில் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் வரிசையில் இடம்பெறுபவர் யார், மூன்றாம் வரிசைக்குத் தள்ளப்படுபவர் யார் என்பதில் அத்தொழிலின் படிநிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. வெளியே நிற்பவர்களோ தையற்கலை பயிலும் மாணவர்கள், ஆடையழகில் உள்ளம் பறிகொடுத்தவர்கள், என்றேனும் ஒருநாள் தாமும் அம்மேடைக்கு ஆடை தைக்கலாம் என்று கனவு காண்பவர்கள்.

இக்கதவு வெறும் செருக்கினால் அடைக்கப்பட்டது என்று முடிவு செய்வது பொருந்தாது. அதற்கு வரலாறு உண்டு. ஆங்கிலேயரான சார்ல்ஸ் ஃபிரெடரிக் வொர்த் 1858-இல் பாரிஸில் தம் ஆடையகத்தைத் தொடங்கி, உயிருள்ள நங்கையரை உடுத்தச் செய்து செல்வந்தர்க்குக் காட்டினார். அது விற்பனைக்கூடத்தில் நிகழ்ந்த வணிகமே அன்றி, ஊர்த் திருவிழா அன்று. கிறிஸ்தியான் டியோர் 1947 பிப்ரவரி 12-ஆம் நாள் தம் முதல் தொகுப்பைக் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. உலகம் பார்க்கத் தொடங்கியதும் களவும் வளர்ந்தது. கண்ணால் கண்ட வடிவத்தை மனத்தில் பதித்து, வெளியே வந்து வரைந்து, மலிவான படிகளைத் தைத்து விற்றோர் பலர். 1920-களில் பாரிஸில் அப்படி வரைந்து கொடுத்தவர்களுள் ஒருவரான அமெரிக்கப் பெண்மணி எலிசபெத் ஹாஸ், பிற்காலத்தில் தாமே வடிவமைப்பாளராகி, 1938-இல் வெளியிட்ட நூலில் அத்தொழிலை ஒளிவுமறைவின்றி விவரித்தார். வணிகர்களிடம் முன்பணம் பெற்ற பின்னரே உள்ளே விடும் வழக்கமும், செய்தியாளர் படம் வெளியிடுவதற்கு நாள் குறிக்கும் கட்டுப்பாடும் இத்தகைய அச்சத்தால் வலுப்பெற்றன. பல மாத உழைப்பைப் பாதுகாக்க ஒருவன் கதவடைத்தால், அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆனால், இன்று அந்தக் காரணம் எஞ்சி நிற்கிறதா? 2009 அக்டோபரில் அலெக்சாண்டர் மெக்குவீன் தம் அணிவகுப்பை இணையத்தின் வழி நேரடியாக ஒளிபரப்பினார். காணக் குவிந்தோரின் பெருக்கத்தைத் தாங்காமல் அத்தளமே நிலைகுலைந்தது. அதன் பின்னர் நேரடி ஒளிபரப்பு எங்கும் வழக்கமாகிவிட்டது. உள்ளே இருப்பவர் காணும் அதே கணத்தில் உலகின் மறுகோடியில் இருப்பவரும் காண்கிறார். மறைக்க ஒன்றுமில்லாத போதும் கதவு மட்டும் அடைத்தே கிடக்கிறது. இடம் குறைவு என்பது ஓரளவு உண்மை. வணிகருக்கும் செய்தியாளருக்கும் பணி நிமித்தம் இருக்கை தேவை என்பதும் உண்மை. இவ்விரண்டுக்கும் அப்பால் மற்றொன்றும் உண்டு. பலருக்குக் கிட்டாதது என்பதே அங்கு விலைபோகும் சரக்கு. வெளியே ஏங்கி நிற்பவர் இல்லையேல், உள்ளே அமர்ந்திருப்பவரின் இருக்கைக்கு மதிப்பேது?

இதனால் சினமுற்றுச் சிலர் குறுக்கு வழியை நாடுகின்றனர். பிறர் பெயரைத் தம் பெயரெனச் சொல்வது, போலி அழைப்பிதழ் அச்சிடுவது, கூட்டத்தோடு கூட்டமாய் நழுவுவது ஆகியன அவ்வழிகள். "செருக்கை ஏமாற்றுவது பிழையாகுமா?" என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் கேட்கச் சுவையானது. எண்ணிப் பார்த்தால் நிலைக்காதது. பொய்யின் சுமை செருக்குடையவன் தலையில் விழுவதில்லை. வாயிலில் பட்டியலைக் கையில் ஏந்தி நிற்கும் இளம் பணியாளன் தலையில்தான் விழுகிறது. இருக்கை ஒன்று குறைந்தால் வசை கேட்பவன் அவனே. ஒருவேளை, அடுத்த முறை வேலை இழப்பவனும் அவனே. அன்றியும், ஏமாற்றி நுழைபவன் அக்கதவை வெல்வதில்லை. உள்ளே இருப்பதே உயர்வு என்னும் அதன் பொய்யைத் தன் பொய்யால் மெய்யாக்கிவிட்டு அமர்கிறான்.

நேர்வழிகள் இல்லாமல் இல்லை. மேடையின் பின்னால் ஆடை மாற்ற உதவும் கைகள் எப்போதும் தேவைப்படுகின்றன. வடிவமைப்புக் கல்லூரி மாணவர் பலர் அவ்வழியே முதன்முறை உள்ளே செல்கின்றனர். ஆந்த்ரே லியோன் டாலி என்னும் கறுப்பினத்தவர், டியூக் பல்கலைக்கழகத்தில் துப்புரவுப் பணி செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். 1974-இல் நியூயார்க் மெட்ரோபோலிட்டன் அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவில் ஊதியமற்ற தொண்டராக நுழைந்து, பின்னர் வோக் இதழின் பொறுப்புகளில் உயர்ந்து, முதல் வரிசையின் அடையாளமாகவே விளங்கினார். 2022-இல் மறைந்தார். அவர் உயர்வு போற்றத்தக்கது. எனினும், ஊதியமின்றி உழைக்க எத்தனை ஏழைகளால் இயலும்? வாடகையும் உணவும் பிறர் தருவோர்க்கு மட்டுமே திறக்கும் வழியை நேர்வழி என்று சொல்லலாம். பொதுவழி என்று சொல்லலாகாது.

வெளியே நிற்பதிலேயே பெருமை கண்டவரும் உண்டு. பில் கன்னிங்ஹாம் என்னும் நியூயார்க் டைம்ஸ் படப்பிடிப்பாளர், எளிய நீலச் சட்டையும் மிதிவண்டியுமாக வலம் வந்தவர். உலகின் பெரும் அணிவகுப்புகள் அனைத்திலும் அவருக்கு இடமிருந்தது. ஆயினும், தெருவில் நடப்போர் உடுத்தியவற்றைப் படமெடுப்பதே அவருக்கு உயிர். செல்வர் விருந்துகளுக்குப் பணி நிமித்தம் சென்றால் அங்கே தண்ணீர்கூட அருந்தமாட்டார். 2016-இல் மறையும் வரை அவர் காண வந்தது ஆடையையே, இருக்கையை அன்று. காணும் கண்ணுடையவன் எங்கு நின்றாலும் உள்ளேதான் இருக்கிறான் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

எனினும், வெளியே நிற்பவனுக்கு மட்டும் அறம் உரைத்து முடிப்பது நீதியாகாது. கதவுக்கு உரியவனுக்கும் கடமை உண்டு. 1984-இல் தியெரி முக்லேர் பாரிஸில் ஏறக்குறைய 6,000 பேர் கூடிய அரங்கில் பொதுமக்களுக்கும் நுழைவுச்சீட்டு விற்றார். 2015-இல் ஜிவான்ஷி நிறுவனம் நியூயார்க்கில் 800-க்கும் மேற்பட்ட இருக்கைகளைப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கியது. இவற்றினும் ஆழமானது 1989-இல் மார்ட்டின் மார்ஜீலா செய்தது. பாரிஸின் ஒதுக்குப்புறத்தில், பாழ்பட்டுக் கிடந்த ஒரு விளையாட்டுத் திடலை அவர் தேர்ந்தார். அப்பகுதிச் சிறுவர்கள் அழைப்பிதழ்களை வரைந்தனர். முன்வரிசையில் அவர்களே அமர்ந்தனர். நங்கையரோடு சேர்ந்து ஓடியும் ஆடினர். அத்திடல் அச்சிறுவர்களுடையது, அன்று விருந்தினராய் வந்தவர்கள் உயர்ந்தோரே. யார் உள்ளோர், யார் வெளியோர் என்னும் கணக்கையே அந்நிகழ்ச்சி தலைகீழாக்கியது.

இக்கணக்கில் இன்னொரு பிரிவினரையும் சேர்த்தாக வேண்டும். 2023 மார்ச்சில் டியோர் நிறுவனம் மும்பையின் இந்தியா வாயில் முன்னே ஓர் அணிவகுப்பை நடத்தியது. அதற்கென எழுப்பிய தோரணம் இந்தியப் பூத்தையற் கலைஞர்களின் கைவண்ணம். பாரிஸ் ஆடையகங்களின் ஒளிரும் ஆடைகள் பலவற்றில் இத்தகைய விரல்களின் உழைப்பு உறைந்திருக்கிறது. பொதுவாக, முதல் வரிசை இருக்கைகளில் அவ்விரல்களுக்கு உரியோர் பெயர் எழுதப்படுவதில்லை. ஆடையை ஆக்கியவரே அழையாதவராக இருக்கும் அவையில், அழைப்பிதழ் எதன் அளவுகோல்?

ஆதலின், வாயிலில் நிற்கும் இளைஞன் தன்னைத்தானே கேட்கவேண்டியது ஒன்றே: காண வந்தது கலையையா, காணப்படுவதையா? கலையை எனில், பொய்யின்றி அதனை அடைய வழிகள் உள. காத்திருக்கவும் கற்கவும் பொறுமை வேண்டும், அவ்வளவே. காணப்படுவதை எனில், எந்த இருக்கையும் அவனுக்குப் போதாது. முதல் வரிசையிலும் அவன் வெளியேதான் நிற்பான். கதவுக்கு உரியவன் கேட்கவேண்டியதும் ஒன்றுண்டு: இக்கதவு உழைப்பைக் காக்கிறதா, பிறர் ஏக்கத்தை விற்கிறதா? முன்னதாயின் அது வேலி. பின்னதாயின், அதனைத் திறந்துவிடுவதால் அவன் இழக்கப்போவது ஒன்றுமில்லை, தன் செருக்கைத் தவிர.