அடுத்த வாரமும் வருவீங்களா?

2021 ஜூலையில், நடமாட்டக் கட்டுப்பாடு நீண்டுகொண்டே போன நாட்களில், மலேசியாவில் பல வீடுகளின் சன்னலில் வெள்ளைக்கொடி தொங்கியது. வீட்டில் சாப்பாடு இல்லை, உதவுங்கள் என்பதற்கான அடையாளம் அது. நானும் நண்பர்களும் அரிசி, முட்டை, சார்டின் டின் வாங்கிக்கொண்டு மலிவுவிலை அடுக்குமாடிகளில் ஏறி இறங்கினோம். பையை வாங்கிக்கொண்ட ஓர் அக்கா கேட்டார்: "அடுத்த வாரமும் வருவீங்களா தம்பி?" வருவோம் என்றேன். போகவில்லை. வேலை வந்துவிட்டது.

வாக்குத் தவறியது என் குற்றம். ஆனால் அதைவிட உறுத்துவது வேறு. ஒரு குடும்பத்தின் அடுத்த வாரச் சோறு என்னுடைய ஓய்வு நேரத்தை நம்பி இருக்கலாமா?

நம் நாட்டில் 2016ல் ஒரு குடும்பத்துக்கான வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட். அந்தக் கணக்கில் ஏழைக் குடும்பங்கள் வெறும் 0.4 விழுக்காடு. 2019 ஆகஸ்டில் இங்கே வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இந்தக் கணக்கு நிஜத்தோடு ஒட்டவில்லை என்றார். 2020ல் அரசு கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. 2019ஆம் ஆண்டுக்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடு ஆனது. யாரும் ஒரே ராத்திரியில் ஏழையாகிவிடவில்லை. இருந்தவர்கள் கணக்கில் வந்தார்கள், அவ்வளவுதான். தொழிற்சாலையில் அளவுமானி மேல் சந்தேகம் வந்தால் முதலில் அதைத்தான் சரிபார்ப்போம். நாட்டின் அளவுமானியைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பசித்தவரிடம் போய்க் கோட்டைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கலாம். நியாயம்தான். பசி காத்திருக்காது, முதலில் பையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பையோடு நிறுத்திக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. பைக்கு உடனே நன்றி கிடைக்கும், படம் கிடைக்கும். சம்பளத்துக்காகப் பேசினால் இரண்டுமே கிடைக்காது. 2013ல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்ச ஊதியம் 2025ல் 1,700 ஆனது. அந்த உயர்வுக்காக எந்தத் தொழிலாளியும் யாருக்கும் கைகூப்ப வேண்டியதில்லை. உரிமைக்கும் உதவிக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கூப்பாத கையில் இருக்கிறது.

பதினெட்டு வயதிலேயே ஓட்டுப் போடும் உரிமை 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பை கட்டத் தெரிந்த நமக்கு, தொகுதி வேட்பாளரிடம் வாடகை, சம்பளம் பற்றி இரண்டு கேள்வி கேட்கத் தெரியாதா? அந்த அக்காவுக்கு நான் தரவேண்டிய பதில் இன்னும் பாக்கி இருக்கிறது.