தகப்பன் உடைமைக்காரனா, அமானிதக்காரனா?

குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமமொன்றில் ஒரு பெரியவரின் வீட்டில் சொத்துப் பேச்சு. மக்கள் ஐவர், ஆண் இருவர், பெண் மூவர். போர் போட்ட தோட்டம், கொஞ்சம் மானாவாரி, ஒரு வீடு. எல்லாவற்றையும் உயிரோடிருக்கும்போதே இரு மகன்களுக்கும் ஹிபாவாக எழுதிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். என்னையும் அழைத்திருந்தார்கள்.

“அத்தா சம்பாதித்தது, அத்தா இஷ்டம். இதிலே யார் என்ன கேட்க முடியும்?” என்றான் இளையவன். உள்ளே அடுப்படியிலிருந்து நடு மகளின் குரல் மட்டும் வந்தது: “நாங்களும் அத்தா பெத்த பிள்ளைங்கதானே?”

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் நம் கேள்வி நிற்கிறது. பிள்ளை தகப்பனின் உடைமையா? உடைமை என்று சொன்ன ஒரு சமுதாயம் உலகில் இருந்தது. அதன் அடையாளம் நமக்கு வெகு தூரத்திலும் இல்லை. வடக்கே கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோம நாட்டு வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாக ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழகத்துக்கு வந்த காசுகள் அவை.

தென்னிந்தியாவில் கிடைக்கும் ரோமக் காசுகளில் அதிகம் காணப்படும் ஒரு வகையில், ஒரு பக்கம் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தலை; சுற்றிலும் ‘நாட்டின் தந்தை’ என்ற பட்டம். மறுபக்கம் கையஸ், லூசியஸ் என்ற இரு இளைஞர்கள். அவர்கள் அகஸ்டஸின் மகள் ஜூலியா பெற்ற பிள்ளைகள். பாட்டனார் அவர்களைத் தத்தெடுத்தது எப்படித் தெரியுமா? தராசும் செப்புக் காசும் வைத்து, பெற்ற தகப்பனிடமிருந்து விலைக்கு வாங்கும் சடங்கைச் செய்து எடுத்துக்கொண்டார். சடங்குதான், நிஜ வியாபாரமல்ல. ஆனால் பிள்ளை விற்கக்கூடிய பொருள் என்ற சட்டம் இல்லாத இடத்தில் அப்படியொரு சடங்கு எங்கிருந்து பிறக்கும்? கி.மு. 450 அளவில் எழுதப்பட்ட அவர்களுடைய பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், தகப்பன் மகனை மூன்று முறை விற்றுவிட்டால்தான் மகன் தகப்பனின் பிடியிலிருந்து விடுபடுவான் என்றிருந்தது.

ரோமருடைய வீட்டில் குடும்பத் தலைவன் உயிரோடிருக்கும் வரை மகனுக்கென்று சொத்துக் கிடையாது. மகனுக்கு ஐம்பது வயதாகட்டும், அரசாங்கத்தில் பெரிய அதிகாரியாகட்டும், அவன் ஈட்டியது சட்டப்படி தகப்பனுடையது. உயிரை எடுக்கும் அதிகாரமும் தகப்பனுக்கு இருந்தது. பிறந்த குழந்தையை ஏற்பதா, வெளியே போட்டுவிடுவதா என்பதும் அவன் விருப்பம். கி.மு. 1ஆம் ஆண்டில், ரோமர் ஆட்சியிலிருந்த எகிப்தில், ஹிலாரியன் என்ற ஒரு கூலிக்காரர் கர்ப்பிணியான தம் மனைவிக்கு அலெக்ஸாந்திரியாவிலிருந்து எழுதிய கிரேக்கக் கடிதம் இன்றும் இருக்கிறது. கூலி கிடைத்ததும் பணம் அனுப்புகிறேன், கவலைப்படாதே என்கிறார். ஆண் பிறந்தால் வைத்துக்கொள், பெண் பிறந்தால் போட்டுவிடு என்றும் எழுதுகிறார். அன்பும் அதுவும் ஒரே தாளில்! மனிதர் கொடியவராகத் தெரியவில்லை. அதுதான் நம்மை நடுங்க வைக்கிறது.

மேலே சொன்ன அகஸ்டஸ், ‘நாட்டின் தந்தை’ பட்டம் பெற்ற அதே கி.மு. 2ஆம் ஆண்டில்தான் தம் ஒரே மகள் ஜூலியாவைத் தீவுக்கு நாடு கடத்தினார். பின்னாளில் பேத்தி பெற்ற குழந்தையை ஏற்கவும் வளர்க்கவும் கூடாதென்று தடுத்தவரும் அவர்தான்.

நியாயமாகவும் பேச வேண்டும். ரோமத் தகப்பன்மார் எல்லாரும் பிள்ளைகளை விற்றவர்களல்லர். மகள் துல்லியா இறந்தபோது சிசரோ என்ற அறிஞர் மனமுடைந்து போனதை அவருடைய கடிதங்களே சொல்கின்றன. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கும் மகனோடு சமபங்கு கிடைத்தது. ஆனால் உயில் எழுதினால் கதை வேறு. மகனை விலக்க வேண்டுமானால் பெயர் சொல்லி விலக்க வேண்டும். மகளை விலக்க, ‘மற்றவர்களுக்கு இல்லை’ என்ற ஒரு சொல் போதும். பெயர்கூடத் தேவையில்லை! பெண்ணுக்கென்று தனிப்பெயர் வைக்கும் வழக்கமும் அவர்களிடம் பெரும்பாலும் இல்லை. குலப்பெயரின் பெண்பாலே அவள் பெயர்.

‘அது காஃபிர்கள் காலம்’ என்று நாம் தள்ளிவிட முடியாது. நமது பக்கத்து உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகள் 1980களில் நாட்டையே தலைகுனிய வைத்தன. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர நேர்ந்தது.

அரபு நாட்டிலும் பெண் குழந்தைகளைப் புதைத்தவர்கள் இருந்தார்கள். புதைக்கப்பட்ட அந்தக் குழந்தையிடமே, எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று கியாமத் நாளில் கேட்கப்படும் என்கிறது அத்தக்வீர் அத்தியாயம். கேள்வி கேட்கப்படும் இடத்தில் அந்தச் சிசு வழக்காளியாக நிற்கிறது. உடைமையாக இருந்தால் வழக்காளியாக நிற்க முடியுமா?

சிலர் ஒரு ஹதீஸை எடுத்துக் காட்டுவார்கள். மகனும் அவன் பொருளும் தகப்பனுக்கு உரியவை என்ற கருத்துடையது அது. அன்று பெரியவரும் அதைத்தான் சொன்னார். சட்ட மேதைகள் இதற்கு அழகாக விடை சொல்லியிருக்கிறார்கள். மகன் மக்களை விட்டு இறந்தால் தகப்பனுக்கு ஆறில் ஒரு பங்குதான் என்று திருமறை வகுக்கிறது. எல்லாம் தகப்பனுடையதாக இருந்தால் ஆறில் ஒன்று எதற்கு? ஆகவே தகப்பனைப் பேணுவது மகனின் கடமை என்பதே அதன் பொருள். மகன் தகப்பனின் தோட்டத்து மாடு என்பதல்ல.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது அவர்களின் தந்தை ஓர் அன்பளிப்பைக் கொடுத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வேண்டும் என்று தாயார் சொல்லவே, தந்தை போய் நின்றார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று பெருமானார் கேட்டார்கள். இல்லை என்றதும், அநீதிக்குச் சாட்சி நிற்க மறுத்துவிட்டார்கள். தன் விருப்பத்துக்கு மாறாகத் தகப்பன் முடித்த திருமணத்தை ஹன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது அதை ரத்துச் செய்தார்களே, அதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் ஹனஃபி மத்ஹபில், தகப்பன் தன் பொருள் முழுவதையும் ஒரு பிள்ளைக்கு ஹிபாவாகக் கொடுத்து, கையிலும் ஒப்படைத்துவிட்டால், அது சட்டப்படி செல்லும். ஆனால் மற்றவர்களை இழக்கச் செய்யும் நோக்கத்தோடு கொடுத்தவர் குற்றவாளி. உயிரோடிருக்கையில் கொடுப்பதானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகக் கொடுப்பதே சிறப்பென்று இமாம் அபூயூசுஃப் (ரஹ்) சொல்கிறார்கள். ஒரு பத்திரம் செல்லுபடியாகும் என்பதும் அதை எழுதியவர் தப்பித்துக்கொள்வார் என்பதும் ஒன்றல்ல. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தது. 1949இல் சென்னை மாகாணத்தில் திருத்தம் செய்து அந்தக் கதவையும் அடைத்தார்கள். அதற்குப் பிறகும் ஹிபா என்னும் ஜன்னல் வழியாகப் பெண்களின் பங்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் சொன்னேன். பெரியவர் கடைசியாக ஒன்று கேட்டார்: “பொண்ணுங்களுக்கு ஆளுக்கு இருபது பவுன் போட்டேன் ஹஸரத். அதைப் பங்கிலே கழிக்கலாமில்லையா?”

“நகை நீங்கள் மனமுவந்து கொடுத்த அன்பளிப்பு. நாளை வரவேண்டிய வாரிசுப் பங்கு அதற்கு ஈடாகாது. கழித்துத்தான் ஆக வேண்டுமென்றால், மூத்தவரைக் குவைத்துக்கு அனுப்ப விசாவுக்குக் கொடுத்ததையும், இளையவருக்கு லாரி வாங்கக் கொடுத்ததையும் எழுதுங்கள். கழிப்போம்” என்றேன்.

இளையவன் எழுந்து வெளியே போனான். பெரியவர் பத்திர நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அசருக்கு பாங்கு சொல்லியாயிற்றா என்று கேட்டார்.