உங்க கணக்கை யார் ஆடிட் பண்றது?

மதுக்கரையில் எனக்கொரு நண்பன். சிமென்ட் லோடு அடித்தே வீடு கட்டியவன். இன்று நாலு லாரிக்குச் சொந்தக்காரன். பார்த்தால் ராஜா மாதிரி இருப்பான்.

ஆனால், கல்யாண வீட்டில் 'வாங்க' என்று சொல்லக் கொஞ்சம் தாமதித்தால் போச்சு. சாப்பிடாமலே திரும்பிவிடுவான். பேக்கரியில் யாராவது சிரித்தால், ''என்னையப் பார்த்துத்தான் சிரிக்கறானுங்க'' என்பான்.

ஒருநாள் ராத்திரி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே மகள் தன் தம்பியிடம் கிசுகிசுப்பது காதில் விழுந்தது. ''அப்பா வந்துட்டாரு... சிரிக்காதே!''

உடைந்துபோய் எனக்கு போன் செய்தான். ''டாக்டரைப் பாரேன்டா'' என்றேன். ''பைத்தியம்னு சொல்லிப்போடுவாங்கடா'' என்றான்.

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங்கில் ஒரு பாலபாடம் உண்டு. கணக்கு எழுதியவரே அதைத் தணிக்கை செய்யக் கூடாது. அவர் திருடர் என்பதால் அல்ல. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால்!

மனசும் அப்படித்தான். நம்மைப் பற்றி நாமே எழுதும் பேரேட்டில் பாராட்டு வரவு ஆவதே இல்லை. அவமானம் மட்டும் கூட்டுவட்டியில் வளர்கிறது.

தாழ்வு உணர்ச்சி குற்றமல்ல. ரிக்கெட்ஸ் நோயால் அவதிப்பட்ட வியன்னா சிறுவன் ஆல்ஃபிரட் ஆட்லர், பின்னாளில் டாக்டராகி இதைத்தான் ஆராய்ந்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் அது உண்டு, வளரத் தூண்டுவதே அதுதான் என்றார். தூண்டுவதற்குப் பதில் முடக்கினால்தான் சிக்கல்.

அப்போதும் 'என் மனசு, என் பாடு' என்று இருந்துவிடலாமா? முடியாது. நம் பயத்துக்கு வட்டி கட்டுவது வீட்டில் இருப்பவர்கள். உதவி கேட்பது பலவீனம் இல்லை. அவர்களுக்கு நாம் தீர்க்க வேண்டிய கடன்.

நண்பன் கோவைக்குப் போய் மனநல நிபுணரைப் பார்த்தான். அவர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். நடந்தது என்ன, நான் நினைத்தது என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று மூன்று கட்டங்கள். அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை வழி இது. மூன்றாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்ததாம்!

நேரில் போகக் கூச்சமா? 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இருக்கிறது. 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. மனநல சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். டி.வி-யில் வடிவேலு. அவன் வந்து சோபாவில் உட்கார்ந்தான்.

பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தவில்லை.