ஊற்றும் கையும் எழுதும் கையும்

கற்றவன் ஒருவன், தன் கல்வியால் எய்திய உயர் பதவியைத் தானே துறந்து, ஊரார் தாழ்வாகக் கருதும் தொழிலொன்றை மேற்கொள்வானாயின் அவனைப் பழிப்பதா, பாராட்டுவதா? இவ்வினா வகுப்பறையில் எழுந்திருக்குமானால் நான் இடர்ப்பட்டிருக்க மாட்டேன். பெருமை என்னும் அதிகாரத்தைப் புரட்டி, பிறப்பால் மாந்தர் யாவரும் ஒப்பர், சிறப்பு வேறுபடுவது செய்யும் தொழிலால் என்னும் வள்ளுவர் கருத்தை விளக்கி, மணி அடிக்குமுன் பாடத்தை முடித்திருப்பேன். ஆனால் அது என் வீட்டுக் கூடத்தில், ஒரு தாயின் வாயிலாக எழுந்தது.

அவருடைய மகன் என் பழைய மாணவன். தோட்டத்துப் பிள்ளை. பல்கலைக்கழகம் சென்று, பின்னர் அரசாங்க அமைச்சு ஒன்றின் கொள்கை வகுக்கும் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவன். வீட்டு வாடகை, பொருள் விலை, தொழிலாளர் நலம் என அவன் எழுதிய ஆய்வறிக்கைகள் பல. திடீரென்று ஒருநாள் அப்பணியை விட்டு விலகி, கோலாலம்பூரில் ஒரு மதுக்கூடத்தில் மது கலந்து ஊற்றிக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இரவில் அந்த வேலை; பகலில் எழுத்து. எதைப் பற்றி எழுதுகிறான் என்று கேட்டேன். தந்தையின் பால்மரம் சீவும் கத்தி, வெங்காய விலை, கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி உருகும் விதம், தூக்கமின்மை, பழைய சுடுகாடு என ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களைச் சொன்னான்.

"ஐயா, இவன் தாத்தா சம்பளப் பணத்தோட கள்ளுக்கடையில விழுந்து கிடந்தாரு. அதைப் பார்த்துப் பயந்துதான் இவனைப் படிக்க வச்சோம். இவன் அந்தக் கடைக்கே வேலைக்குப் போயிட்டான்" என்றார் தாய். இதற்கு எந்தக் குறளைச் சொல்வது? கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவரல்லவா வள்ளுவர்?

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பதவியைத் துறந்தவர்களைப் புத்தகத்தில் படிக்கும்போது நாம் எவ்வளவு எளிதாகப் போற்றிவிடுகிறோம்! சீனக் கவிஞர் தாவ் யுவான்மிங் கி.பி. 405இல் பெங்சே என்னும் ஊரின் அதிகாரியாக ஏறத்தாழ 80 நாள்களே இருந்தார். மேலதிகாரி ஒருவர் வருகிறார், கச்சை கட்டிச் சென்று பணிவுடன் வரவேற்க வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, சிறிதளவு அரிசிச் சம்பளத்துக்காக முதுகை வளைக்க இயலாதென்று பதவியை விட்டு வீடு திரும்பினார் என்பது அவர் வரலாறு. பின்பு உழுதார், மது அருந்தினார், கவிதை எழுதினார். மாணவர்க்குக் கதை சொல்லும்போது இவ்விடத்தோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். நிறுத்தாமல் மேலே படித்தால், பசி தாங்காமல் பிறர் வீட்டுக் கதவைத் தட்டியதைப் பற்றி அவரே ஒரு கவிதை பாடியிருப்பதைக் காணலாம். தம் ஐந்து புதல்வர்க்கு எழுதிய மடலில், தம்மால் அவர்கள் இளமை முதலே பசியும் குளிரும் உற்றார்களே என்று வருந்துகிறார். அவர் முதுகு வளையவில்லை. விலை கொடுத்தவர்களில் அவர் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பிரெஞ்சு நாட்டு மொந்தேன் இன்னும் நெருங்கிய சான்று. போர்தோ நகர நீதிமன்றத்தில் உறுப்பினராக இருந்த அவர் 1570இல் அப்பதவியை விட்டார். மறு ஆண்டு, தம் 38ஆம் பிறந்தநாளில், இல்லத்துக் கோபுர அறையில் நூல்களோடு ஒதுங்கினார். அங்கிருந்து அவர் எழுதியவையும் என் மாணவன் எழுதுபவை போன்றே தலையும் வாலும் புரியாத வரிசை: கட்டைவிரல், மணம், உறக்கம், சோம்பல், நட்பு, மரணம். 1580இல் வெளிவந்த அத்தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'முயற்சிகள்' எனப் பொருள்படும். இன்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் கட்டுரை என்னும் வடிவம் அந்த வேலையற்ற மனிதரின் அறையிலிருந்தே வளர்ந்தது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நாம் வற்புறுத்தும் சட்டகம் அவரிடம் இல்லை என்பதையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும் மொந்தேனுக்கு நிலம் இருந்தது. உப்பிட்ட மீனும் மதுவும் விற்றுப் பொருள் சேர்த்த அவர் மூதாதை ஒருவர் 1477இல் வாங்கிய பண்ணை அது. பிறர் உழைப்பில் அவர் சிந்தித்தார். என் மாணவனுக்குப் பண்ணை இல்லாமையால் குவளை கழுவுகிறான். இவ்வகையில் அவனே நேர்மையானவன் என்று எனக்குத் தோன்றியதுண்டு. மேலும், கதவைச் சாத்திக்கொண்ட மொந்தேனை ஊர் விடவில்லை. 1581இல் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தயங்கியவர் அரசரின் கட்டளையால் ஏற்று, நான்கு ஆண்டுகள் இருந்தார். பதவிக்காலம் முடியும் தறுவாயில் நகரில் கொள்ளைநோய் பரவியது. ஊருக்கு வெளியே இருந்த அவர், உள்ளே வரத்தான் வேண்டுமா என்று கடிதம் எழுதிக் கேட்டார், வரவில்லை. அறிவாளர் கோழையாவதும் உண்டு என்றே நான் இதைப் படிக்கிறேன். அறிஞர் சிலர் அது விவேகம் என்பர்.

சில வாரங்கள் கழித்து அவனே வந்தான். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "தம்பி, மக்களுக்கு நன்மை செய்யும் இடத்தை விட்டு, மக்களைக் கெடுக்கும் இடத்துக்கு ஏன் போனாய்?"

அவன் உடனே விடை கூறவில்லை. பிறகு, "ஐயா, தாத்தா குடித்த கள்ளை ஊற்றியவன் யார்?" என்றான்.

கடைக்காரன் என்றேன்.

"அந்தக் கடையைத் தோட்டத்துக்குள் வைக்க உரிமம் எழுதிக் கொடுத்தவர் யார்?"

நான் வாயடைத்துப் போனேன். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டங்களில் இருந்த கள்ளுக்கடைகள் தாமாக முளைத்தவை அல்ல. அரசு உரிமம் வழங்கி நடந்தவை. அரசுக்கு வருவாயும் தந்தவை. எங்கோ நகரத்தில் தூய வெள்ளுடையில் ஒருவர் கோப்பில் கையொப்பமிட்டார். அவர் கையில் கள் நாறவில்லை. ஊற்றியவன் கை நாறியது; பழி அவனைச் சேர்ந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் செய்து போராடியதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அவர்கள் நின்று தடுத்தது கடை வாசலில். கோப்பு இருந்த அறையின் வாசல் அவர்களுக்கு எட்டாத தொலைவில் இருந்தது.

"ஒன்பது ஆண்டுகளில் நான் யாருக்காக எழுதினேனோ அவர்களில் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை, ஐயா. இங்கே ஒவ்வோர் இரவும் யாராவது ஒருவரிடம் 'போதும், இனி ஊற்றமாட்டேன்' என்று சொல்கிறேன். சிலர் ஏசுவார்கள். அலுவலகத்தில் ஒருநாளும் நான் யாரிடமும் போதும் என்று சொன்னதில்லை" என்றான்.

வள்ளுவர் கூறும் தொழில் வேற்றுமைக்கு, இன்ன தொழில் என்றும் பொருள் கொள்ளலாம். அதைச் செய்யும் முறை என்றும் பொருள் கொள்ளலாம். முப்பது ஆண்டுகளாக முதற்பொருளையே பெரும்பாலும் மனத்தில் வைத்துப் பிள்ளைகளை ஊக்கி வந்திருக்கிறேன். "படிக்காவிட்டால் மாடு மேய்ப்பாய்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் அவன் வென்ற போர்களைச் சொல்லித் தொடங்கவில்லை. கள் சிறிதளவே கிடைத்தால் தமக்கே தந்துவிடுவானே என்றுதான் தொடங்குகிறது. அச்செய்யுளைப் பலமுறை விளக்கிய எனக்கு, ஊற்றும் கையை அதில் உற்று நோக்கத் தோன்றியதில்லை.

அவன் வாதத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டேன் என்று எண்ண வேண்டா. போதும் என்று அவன் சொல்லுமுன் எத்தனை குவளைகள் ஊற்றப்பட்டிருக்கும்? அவற்றுக்கும் விலை வாங்கிய கடைதானே அவனுக்குச் சம்பளம் தருகிறது? இதை அவனிடமே கேட்டேன். "அதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிக்க முடியவில்லை" என்றான். கொள்கைப் பிரிவில் நல்லவர்கள் வேண்டாமா, எல்லாரும் வெளியேறினால் கோப்பு யார் கையில் சேரும் என்றும் கேட்டேன். அதற்கு அவனிடம் விடை இல்லை, தலையைக் குனிந்துகொண்டான். தாய்க்கு மாதந்தோறும் அனுப்பிய தொகை பாதியாகிவிட்டதையும் அவன் மறைக்கவில்லை. தாவ் யுவான்மிங்கின் மடலைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தான். விடைபெறும்போது, அம்மாவை அடுத்த மாதம் தன்னுடன் தங்க அழைத்துப் போவதாகக் கூறினான். அவர் போவாரா என்பது எனக்கு ஐயமே.

எங்கள் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் உரையாற்றுவது வழக்கம். மருத்துவரும் வழக்கறிஞரும் பலமுறை வந்து பேசியாயிற்று. இவ்வாண்டு அவன் பெயரை நான் முன்மொழிந்தேன். குழுவினர் நெடுநேரம் விவாதித்து, ஒருவாறு இசைந்தனர். அழைப்பிதழில் பெயருக்குக் கீழே 'முன்னாள் அரசாங்க அதிகாரி' என்று அச்சிட்டால் போதும் என்றார்கள். அவனைத் தொலைபேசியில் அழைத்து அவ்வாறு போடலாமா என்று கேட்டேன்.

"இப்போது செய்யும் வேலையைப் போடுங்கள், ஐயா. அம்மா அழைப்பிதழைப் படிப்பார்" என்றான்.

அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.